கார்டு நிறையக் குரல்

தனு மாதத்து மஞ்சு, அந்த மார்கழி மூடுபனி, இறங்கிவிட்டால் பெண்ணம்மாவுக்குக் கண்ணால் ஒரு பிரயோசனமும் கிடையாது. பின்வாசலில் நின்றால் மாட்டுத் தொழுவம் வரைக்கும்தான் உலகம். அதற்கு அப்பால் வயல், வயலுக்கு அப்பால் அகழி, அகழிக்கு அப்பால் காடு என்பதெல்லாம் வெறும் நம்பிக்கைதான். அதனால் விடிகாலையில் அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். வயலோரத்துப் பலாமரத்தில் கட்டிய ஏறுமாடத்திலிருந்து அவள் புருஷன் அவிராச்சன் "பூ...ஹோய்" என்று ஒரு கூவல் கூவுவான். ராத்திரி கழிந்தது, ஆள் முழுசாக இருக்கிறேன் என்று அதற்குப் பொருள். அது காதில் விழுந்த பிறகுதான் அவள் கட்டன் காப்பிக்குத் தண்ணீர் வைப்பாள். முன்னாலேயே வைத்தால் ஆகாது. அந்தக் காட்டோர வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். போன மழைக்காலத்தில் மேலேவீட்டு வக்கச்சன் கூவாமல் போன அன்று, புருஷன் அசந்து தூங்குகிறான் என்று நினைத்து அவன் பெண்சாதி தண்ணீரைக் கொதிக்கவிட்டு நின்றாளாம். அதை ஊர் இன்னும் மறக்கவில்லை. பெண்ணம்மாவும் மறக்கவில்லை.

வக்கச்சனை மிதித்தது மொட்டவாலன். பாதி வால் இல்லாத ஒற்றைக் கொம்பன் யானை. அவனுக்குக் கந்தகசாலா நெல் என்றால் உயிர். அந்த நெல் பால் பிடிக்கும்போதே ஒரு வாசனை கிளம்பும். பாயசம் கொதிக்கிற வீட்டைத் தாண்டிப் போகிற பிள்ளை மாதிரி காடே மூக்கை நீட்டிக்கொண்டு வரும். மான் வரும், பன்றி வரும், கடைசியில் முதலாளி மாதிரி மொட்டவாலன் வருவான். விரட்டுவதற்கு மனுஷக் குரலை விட்டால் வேறு ஆயுதம் இல்லை. கரண்டு வேலியை அவன் மரத்தைச் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டுத் தாண்டுகிறான். பட்டாசுக்கு ஒரு தடவை பயந்தான், இரண்டாம் தடவை யோசித்தான்.

ஒரு மனுஷன் எத்தனை ராத்திரி கத்த முடியும்? அவிராச்சனுக்கு நெஞ்சில் இழுப்பு வேறு. நாலு கத்துக் கத்தினால் ஐந்தாவது இருமலாக வரும். அதனால்தான் இந்த வருஷம் பாட்டுப் பெட்டி வந்தது. யோசனை பக்கத்து வயல்காரன் கேளுவுடையது. கேளு காட்டோரத்திலேயே பிறந்தவன், நாக்கு நீளம், குடியேறி வந்த கிறிஸ்தவர்களை எல்லாம் வயசு பார்க்காமல் "மாப்ளே" என்றுதான் கூப்பிடுவான். தீப்பெட்டி அளவிலான பெட்டி, அதற்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு. பெட்டியிலிருந்து ஒரு வயர் பழைய பேட்டரிக்கும் கமுகுக் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கும் போகும். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து இரண்டு பேரும் சத்தம் பிடித்தார்கள். கேளுவின் இரண்டு நாய்கள், தகர டின், டிராக்டர் கிளம்புகிற உறுமல், எழுதமுடியாத வார்த்தைகளில் கேளு திட்டுகிற திட்டு, அவிராச்சனின் நீண்ட கத்தல். அந்தக் கத்தல் முடிகிற இடத்தில் அவனுடைய இருமலும் பதிந்துபோயிற்று. "இருக்கட்டும் மாப்ளே, ஆள் நிஜந்தான்னு ஆனை நம்பும்" என்றான் கேளு. பெட்டியில் எல்லாவற்றையும் கலக்கிப் பாடுகிற பொத்தான் ஒன்று இருந்தது. அதை அமுக்கிவிட்டால் எப்போது நாய் குரைக்கும், எப்போது டிராக்டர் உறுமும் என்று பிடித்தவனுக்கே தெரியாது.

இதிலெல்லாம் பெண்ணம்மா சேரவில்லை. கதிர் பால் பிடித்ததிலிருந்து அறுப்பு வரைக்கும் வயலில் பெண்பிள்ளை குரல் உயர்த்தக் கூடாது, உயர்த்தினால் நெல் பதராகும் என்பது அங்கே உள்ள வழக்கம். மாதா கோயிலில் அவள் பாட ஆரம்பித்தால் ஆர்மோனியக்காரன் தன் கட்டையை மாற்றிக்கொள்வான். அப்பேர்ப்பட்ட தொண்டை அந்த இரண்டு மாதமும் வீட்டுக்குள்ளேயே கட்டிக்கிடக்கும்.

அறுப்புக்குச் சில நாட்கள் இருக்கையில் பெட்டி ஊமையாகிவிட்டது.

சாயங்காலம் அவிராச்சன் வயலில் கார்டைச் செருகினான். பெட்டி கார்டு நிறைந்திருக்கிறது என்று காட்டியது. பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒன்றுமே இல்லை என்றது. அவன் பெட்டியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துவந்து, கார்டை உருவி ஊதினான், இடுப்பு முண்டில் தேய்த்தான், அடுப்பங்கரைச் சூட்டில் காட்டினான். பெட்டியைத் தொடையில் தட்டினான்.

"உங்க தலையில தட்டிக்கோங்க இச்சாயா, ஏதாவது பாடுதான்னு பாப்போம்" என்றாள் பெண்ணம்மா புருஷனிடம்.

"சும்மா இருடி. நிறைஞ்சிருக்குங்குது, ஒண்ணும் இல்லைங்குது. ரெண்டுல எதை நம்ப?"

"நம்ம ஊட்டு அரிசிப்பானை மாதிரியா?"

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. பயம் வந்தால் அவளுக்கு வாய் நீளும். அன்று ராத்திரி அவன் டின்னும் கட்டையுமாக மாடத்தில் ஏறினான். விடியும் வரைக்கும் அவள் அந்த டின் சத்தத்தை எண்ணிக்கொண்டே படுத்திருந்தாள். இரண்டு தட்டலுக்கு நடுவில் இடைவெளி நீளும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தாள். காலையில் கூவல் வந்தது. ஆனால் கூவலா இருமலா என்று பிரிக்க முடியாமல் வந்தது. வேகவைத்த மரவள்ளிக் கப்பையும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் அவன் முன்னால் வைத்துவிட்டு, கார்டை முந்தானையில் முடிந்துகொண்டு, அவள் ஜீப் பிடித்து டவுனுக்குப் போனாள்.

கடைவீதி முக்கில் மொய்துவின் கடை. கல்யாணப் பாட்டு, மாப்பிள்ளைப் பாட்டு, தியானப் பிரசங்கம் எதுவானாலும் கார்டில் ஏற்றிக் கொடுப்பான். மொய்து கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"சேச்சி, இதை எப்படிக் கழட்டுவீங்க?"

"எப்படின்னா? நகத்தால அமுக்கினா வரும்."

"பாடிட்டு இருக்கும்போதேவா?"

"காலைல அவரு வயல்லேந்து வரும்போது உருவி மடியில முடிஞ்சிட்டு வருவாரு. பெட்டி அங்கேயே கம்பத்துல இருக்கும். கார்டை விட்டுட்டு வந்தா குரங்கு தின்னுடும்."

"குரங்குக்கு விலை தெரியும். சேச்சி, பெட்டியை அணைச்சிட்டுத்தான் கழட்டணும். எந்த இடத்துல நின்னோம்னு அது உள்ள குறிச்சு வைக்கும். அந்த நேரம் பார்த்துப் பிடுங்கினா எந்தச் சத்தம் எங்க இருக்குங்கிற கணக்கே குழம்பிடும்."

"அப்ப சத்தம் எல்லாம் போயிடுச்சா?"

"போகலை. உள்ளதான் கிடக்கு. அதான் நிறைஞ்சிருக்குன்னு காட்டுது. ஆனா பேரு அழிஞ்சுபோச்சு. கபர் இருக்கு, மேல நட்ட கல்லு இல்லை. எது யாருதுன்னு எப்படிச் சொல்றது?"

"காலங்காத்தால கபர் பேச்சு பேசாத மொய்து."

"மன்னிச்சுக்கோங்க. உக்காருங்க. தோண்டிப் பாக்குறேன்."

அவன் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினான். திரையில் ஒரு பச்சைக் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. எதிர்க்கடையிலிருந்து சாயாவும் பருப்பு வடையும் வந்தன. வடையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அந்தக் கோட்டையே பார்த்திருந்தாள். முதலில் நாய்ச் சத்தம் கிடைத்தது. ஒரு குரைப்பு, பிறகு எண்ணெயில் தண்ணீர் பட்ட மாதிரி பொரிந்து அடங்கிவிட்டது. டின் கிடைத்தது, அதுவும் பாதியில் நின்றது. டிராக்டர் கிளம்பவே இல்லை. கேளுவின் திட்டில் இரண்டு வார்த்தை தெளிவாக வந்தது. மொய்து அவசரமாக நிறுத்தினான்.

கடைசியில் திடீரென்று அவிராச்சன் கடைக்குள் நின்று கத்தினான். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீளமான கத்தல், முடிவில் இருமல். பெண்ணம்மாவின் கையிலிருந்து வடை விழுந்துவிட்டது. ஆள் எங்கோ இருக்க அவன் குரல் மட்டும் இன்னொருவன் மேசையிலிருந்து வந்தது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. மேலே போட்டிருந்த நேரியதை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"இது ஒண்ணுதான் முழுசா இருக்கு" என்றான் மொய்து. "கார்டைத் துடைச்சுப் புதுசாக்கி, இதை மட்டும் ஏத்தித் தரேன். மத்ததைச் சேட்டன் மறுபடி பிடிச்சுக் கொண்டுவரட்டும்."

"அறுப்பு தலைக்கு மேல நிக்குது. நாயைப் பிடி, டின்னைத் தட்டுன்னு இப்ப யாரு உக்காந்திருக்கா? இந்த ஒண்ணு ராத்திரி முழுக்கப் பாடுமா?"

"ஒண்ணு முடிஞ்சா உங்க பெட்டி நின்னுடும் சேச்சி. பழைய மாடல். மீதி இடத்துல பாட்டு ஏத்தவா? நல்ல நல்ல மாப்பிள்ளைப் பாட்டு இருக்கு."

"ஆனைக்குக் கல்யாணமா? வேண்டாம். இதையே நிரப்பு."

"எதை?"

"இந்தச் சத்தத்தையே. ஒண்ணு மேல ஒண்ணா, இடம் தீர்ற வரைக்கும்."

"ஒரே சத்தத்தையா?"

"ஏன், ஒண்ணு கெட்டா அடுத்தது இருக்குமில்ல? விதைநெல்லை ஒரே கூடையில வைக்கிற வழக்கம் எங்க வீட்ல கிடையாது."

மொய்துவுக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. காட்டோரத்தில் குடியிருப்பவளே சொல்லும்போது கடைக்காரன் என்ன சொல்ல? கார்டு முட்ட அவிராச்சனை நிரப்பிக் கொடுத்தான். அவள் ஜீப்பில் திரும்பும்போது முந்தானை முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இத்தனை அவிராச்சன் இருந்தால் ஒருத்தனுக்கு ஒன்றும் வராது என்று தோன்றியது. பயந்தவளுக்குக் கணக்கு அப்படித்தான் வரும்.

அன்றிலிருந்து பெட்டி ஓயாமல் கத்தியது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும், எப்படிக் கலக்கினாலும், கத்தல்தான், இருமல்தான். பெட்டியே போதும் என்று பல மாதங்களுக்குப் பிறகு அவிராச்சன் வீட்டில் கட்டிலில் படுத்தான். படுத்ததும் குறட்டை. பெண்ணம்மாவுக்குத்தான் தூக்கமில்லை. புருஷன் பக்கத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறான். அதே புருஷன் தூரத்து இருட்டில் தனியாக நின்று கத்துகிறான். அவள் கையை நீட்டி அவன் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பாள். இங்கே இருப்பவன்தான் நிஜம் என்று நெஞ்சு சூடாகச் சொல்லும். அப்புறமும் அவள் கையை எடுக்கமாட்டாள்.

விடிகாலை வழக்கமும் மாறிப்போனது. வெளுத்ததும் அவன் வயலுக்குப் போய்ப் பெட்டியை அணைப்பான். கத்தல் நின்றால் வயல் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். பிறகு "பூ...ஹோய்" வரும். அவள் தண்ணீர் வைப்பாள்.

நாலைந்து நாளில் கேளு வரப்பு வழியாக வந்தான். முற்றத்தில் நின்றுகொண்டே பேசினான்.

"மாப்ளே, உன் குரல் எனக்கே சலிச்சுப்போச்சு. கத்து, இருமு. கத்து, இருமு. முந்தியெல்லாம் உன் சத்தம் கேட்டா என் நாய் ரெண்டும் எழுந்து குரைக்கும். இப்ப தலையைக்கூடத் தூக்கமாட்டேங்குது."

"நாயே நிம்மதியாத் தூங்குதுன்னா நல்லதுதானே?"

"நாய் தூங்கட்டும். மொட்டவாலன் தூங்கலை. அகழிக்கு அந்தப் பக்கம் ஆனை சாணி போட்டிருக்கு, பெரிய பெரிய பிண்டமா, பாத்தியா?"

"பாத்தேன். பழசு."

"பழசா? நான் காலால தள்ளினேன், ஆவி வந்துச்சு. அதுவும் ஒரே இடத்துல ரெண்டு. ஓடுற ஆனை ஒரு இடத்துல ரெண்டு தடவை போடாது மாப்ளே. அது நின்னிருக்கு. சாவகாசமா நின்னு உன் பாட்டைக் கேட்டிருக்கு."

பெண்ணம்மா சாம்பல் கையோடு அடுப்பங்கரையிலிருந்து வந்து நின்றாள். "கேட்டா என்ன, கேளு?"

"ஒண்ணும் இல்லை சேச்சி. எனக்கு அந்த நிக்கிற நிலைதான் பிடிக்கலை."

"ஞாயித்துக்கிழமை வா. நாயையும் டின்னையும் மறுபடி பிடிச்சிடலாம்" என்றான் அவிராச்சன். "இப்ப கருவாடு சுட்டிருக்கா, கஞ்சி குடிச்சிட்டுப் போ."

கேளு கஞ்சி குடித்தான். கருவாடு நன்றாக இருக்கிறது என்றான். வேறு பேச்சு பேசினார்கள். பெண்ணம்மா மட்டும் ஆவி பறக்கிற அந்தப் பிண்டத்தை நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு வருவதற்கு முன்னால் ஒரு விடிகாலை வந்தது.

மஞ்சு அன்று தொழுவத்தையே மறைத்துவிட்டது. அவிராச்சன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனான். பத்தடி போனதும் காணாமல் போனான். பெண்ணம்மா பின்வாசலில் நின்றாள். வயலிலிருந்து கத்தல் வந்தது, இருமல் வந்தது. இப்போது தொழுவம் தாண்டியிருப்பார். கத்தல், இருமல். இப்போது கமுகு வரிசை. கத்தல், இருமல். இப்போது அணைத்திருக்க வேண்டும். கத்தல், இருமல். சிறுநீர் கழிக்க ஒதுங்கியிருப்பார் என்று மனசைத் தேற்றினாள். கத்தல், இருமல்.

அப்புறம் ஒரு கத்தல் மட்டும் வந்தது. முடிவில் இருமல் இல்லை.

அது பெட்டியிலிருந்து வந்ததில்லை. உடனே அதன் மேலேயே பெட்டிக் கத்தலும் ஏறி வந்தது. மஞ்சுக்குள்ளே இரண்டு அவிராச்சன்கள் கத்தினார்கள். ஒருவன் எப்போதும் போலக் கத்தினான். இன்னொருவன் உயிருக்குக் கத்தினான். தூரத்திலிருந்து கேட்கிற எவனுக்கும் இரண்டும் ஒன்றுதான்.

எவனுக்கும் என்று நினைத்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை ராத்திரியும் மொட்டவாலன் அகழியோரம் நின்று படித்தது என்ன என்று புரிந்துவிட்டது. இந்தக் குரல் கத்தும், இருமும், வேறொன்றும் செய்யாது. அந்தப் பாடத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது தானேதான், கார்டு முட்ட நிரப்பிக்கொண்டு வந்தது தானேதான் என்பதும் கூடவே புரிந்தது. அவள் ஓடினாள்.

கமுகு வரிசை தாண்டியதும் முதலில் கேட்டது வேறொரு சத்தம். சரக் என்று கதிர் பிடுங்குகிற சத்தம், பிறகு வேர்மண்ணை உதறுவதற்காக அதை முன்னங்காலில் பொத்துப் பொத்தென்று தட்டுகிற சத்தம். அவசரமே இல்லாத தட்டல். மஞ்சு கொஞ்சம் விலகியபோது மொட்டவாலனின் பின்புறம் ஒரு பாறை மாதிரி தெரிந்தது. ஸ்பீக்கர் கட்டிய கம்பத்துக்கு அடியிலேயே நின்று மேய்ந்துகொண்டிருந்தான். தலைக்கு மேல் குழாய் அலறியது. காது மடல்கூட அசையவில்லை.

அவனுக்கு அந்தப் பக்கம், ஏறுமாடத்து அடிமரத்தோடு ஒட்டிக்கொண்டு அவிராச்சன் நின்றான். மூங்கில் ஏணி இரண்டாக முறிந்து சேற்றில் கிடந்தது. பின்னால் அகழி. இரண்டு கையையும் வீசிக் கத்திக்கொண்டிருந்தான். யானை அவனைப் பார்த்தது. ஒரு பிடி கதிரை வாயில் வைத்துக்கொண்டு, மென்றுகொண்டே, அவனை நோக்கி ஓரடி வைத்தது. அதில் கோபம் இல்லை. வழியில் கிடக்கிற ஒரு கம்பத்தைச் சாய்க்கப் போகிற மாதிரி வந்தது. அவிராச்சன் இன்னும் ஒரு தடவை கத்தினான். குரல் உடைந்து, நிஜ இருமல் வந்தது. அதுவும் யானைக்குப் பழக்கப்பட்ட இருமல்தான். அது இன்னோர் அடி வைத்தது.

பெண்ணம்மா கத்தினாள்.

என்ன கத்தினாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. வார்த்தையா வசவா கர்த்தரின் பெயரா என்று தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பன்றி அறுக்கிற மாதிரி கேட்டது என்று அடுத்த குன்றிலிருந்து ஓடிவந்த கேளு பிற்பாடு சொன்னான். மாதங்களாகக் கட்டிக்கிடந்த தொண்டை அடிவயிற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. மொட்டவாலனின் இரண்டு காதும் முறம் போல விரிந்தன. வாயிலிருந்த கதிர் கீழே விழுந்தது. அவன் முழு உடம்பையும் திருப்பி அவள் நின்ற பக்கம் பார்த்தான். அந்தச் சின்னக் கண்ணில் முதன்முதலாக ஒரு சந்தேகம் தெரிந்தது. அவள் மறுபடி கத்தினாள். பாதி வாலைத் தூக்கிக்கொண்டு, நெல்லை மிதித்துத் துவைத்தபடி, அகழி இடிந்திருந்த இடம் வழியாக அவன் காட்டுக்குள் புகுந்துவிட்டான். மரம் முறிகிற சத்தம் தூரமாகித் தூரமாகி ஓய்ந்தது.

அவிராச்சன் மரத்தடியில் சரிந்து உட்கார்ந்தான். அவள் போய் அவன் தலையை, தோளை, விலாவை, முழங்காலைத் தடவித் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. தலைக்கு மேல் அவன் குரல் இன்னமும் கத்திக்கொண்டும் இருமிக்கொண்டும் இருந்தது. அவள் எழுந்துபோய் வயரோடு பெட்டியைப் பிடுங்கினாள். வயல் அப்படியே நிசப்தமாகிவிட்டது. பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மத்தியானத்துக்குள் ஊர் கூடிவிட்டது. மிதிபட்டது போக மீதியை அன்றே அறுக்கத் தொடங்கிவிடலாம் என்று பேசினார்கள். நெல் பதராகுமோ என்று யாரோ ஒரு கிழவர் முனகினார். பதரானால் ஆகட்டும் என்று கேளு அவர் வாயை அடைத்தான். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தான்.

"சேச்சி, ஒரு தடவை கத்துங்க. ஒரே ஒரு தடவை. இதுல பிடிச்சு மொய்துகிட்டக் கொடுத்தா கார்டுல ஏத்திடுவான். அடுத்த வருஷம் இந்த வரிசைக்கே கவலை இல்லை."

"ஆமாடி" என்றான் அவிராச்சன். காலையிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு அது. குரல் கரகரவென்று வேறு யாருடையதோ போல இருந்தது. "உன் சத்தத்துக்குத்தான் அது பயப்படுது."

பெண்ணம்மா அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தாள்.

"என் சத்தத்தையும் அது படிச்சிட்டா, அப்புறம் உங்களை எதை வெச்சு நான் காப்பாத்துறது?"

கேளு போனை மடியில் செருகிக்கொண்டான்.

இப்போதும் அந்த வீட்டுக்குப் போனால் அவள் காதோடு காதாகத்தான் பேசுவாள். தொண்டை கெட்டுப்போயிற்றோ என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். குன்றுக்கு அந்தப் பக்கம் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை அவள் பாடுவதைக் கேட்டால் அப்படி நினைக்கமாட்டார்கள். திரும்பி வருகிற வழியில், காடு தெரிகிற வளைவு வந்ததும் வாயை மூடிவிடுவாள். கோழியைக்கூடக் கை தட்டித்தான் விரட்டுகிறாள். விடிகாலையில் பின்வாசலில் நிற்கிறாள். மஞ்சுக்குள்ளிருந்து அவன் கூவுகிறான். பதிலுக்குக் கூவ நெஞ்சு முட்டிக்கொண்டு வருகிறது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீர் வைக்கிறாள்.